எழுப்புப் பாட்டுக்காரி

சாமியாத்தாளை யாரும் மேடையில் பார்த்ததில்லை. ஆனால் சூலூருக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அவள் குரலைக் கேட்டு அழாத ஆள் கிடையாது. கூத்துக் களத்தில் கட்டியிருக்கும் படுதாவுக்குப் பின்னால் ஒரு கோணிச்சாக்கை விரித்து, முந்தானையைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முன்னால் அரிதாரம் பூசிச் சேலை கட்டிய ஆண் ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு வாயசைப்பார். அழுகை பின்னாலிருந்து வரும்.

மாசி மாதத்தில் பட்டிக்காரசாமி கோயில் நோம்பி, ஊர்த் திருவிழா. அதற்கு விடிய விடியப் பட்டிக் கூத்து. கதை ரொம்பச் சின்னது. ஊர் மாடுகளைக் காவல் காக்கிறவன் ஒருவன். தனக்கென்று ஒரு கன்றுக்குட்டிகூட இல்லாதவன். மாடு திருட வந்த கூட்டத்தோடு தனியாக மோதி, மாடு அடைக்கிற பட்டி வாசலில் விழுந்து சாகிறான். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா விஷயம் கேள்விப்பட்டுத் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருகிறாள். விழுந்து கிடப்பவனைச் சுற்றிச் சுற்றி வந்து அழுகிறாள். அழுது தீர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுப்புப் பாட்டு பாடி, மூன்று முறை அவனைக் கூப்பிடுகிறாள். மூன்றாவது கூப்பாட்டுக்கு அவன் எழுந்து உட்காருகிறான். அப்படி எழுந்தவன்தான் சாமி.

ஒரு காலத்தில் அக்கா வேஷம் கட்டிய ஆண்களே அழுது பாடியும் இருக்கிறார்கள். ஒரு வருடம் அந்த வேஷக்காரருக்கு அழும்போது தொண்டை கட்டிக்கொண்டு, குரல் கன்று கத்துவதுபோல் வெளியே வர, சனங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்களாம். செத்தவனைப் பார்த்து ஊர் சிரித்தது குற்றம் என்று அடுத்த வருடம் முதல் எழவு வீடுகளில் நன்றாக அழுகிற பெண் ஒருத்தியைப் படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பெண் களத்தில் கால் வைக்கக் கூடாது, குரல் வைக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. அப்படி வந்தவர்களில் கடைசி ஆள் சாமியாத்தாள்.

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது அவளுக்குக் கூத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. புருஷன் தம்பிதுரை பகலில் தறிக்குடோனில் தறி ஓட்டுவான், நோம்பிக்கு உடுக்கை அடிப்பான். அவளும் அதே குடோனில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சிறு குழல்களில் நூல் சுற்றுகிற வேலை அது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் பாடுவாள். தறி நிற்கும்போது அவள் பாட்டு மட்டும் தனியாகத் தொங்கும். தம்பிதுரைதான் முதலில் அதைக் கவனித்தான்.

"ஏ புள்ள, தறிக்கு மேல பாடறவ படுதாவுக்கு மேல பாட மாட்டியா?" என்று கேட்டான்.

"எனக்கு அழுகை வராதுங்க."

"என்னையக் கட்டிக்கிட்டு வராமயா போயிரும்?"

வந்தது. ஓரிரண்டு வருடத்திலேயே, கூத்து பார்க்க வருகிறவர்கள் "சாமியாத்தா பாடறாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாய் விரித்தார்கள். அவள் இடப்பக்கம் தம்பிதுரை உட்கார்ந்து உடுக்கையை இழுத்து இழுத்து அடிப்பான். அவள் மூச்சு எங்கே முடிகிறது என்று அவன் விரலுக்குத் தெரியும். அவள் இடறினால் உடுக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகும்.

இந்தப் பாட்டுக்கு ஊரில் சில கட்டுகள் இருந்தன. விழுகிறவனுக்காக அழுகிறவள் அவனுக்கு உறவாக இருக்கக் கூடாது. ஒருமுறை தம்பிதுரை விளையாட்டாக, "வருசா வருசம் உடுக்கை அடிச்சு அடிச்சுக் கை வலிக்குது. ஒரு தடவையாவது பட்டிக்காரனாப் படுத்துத் தூங்கறனே" என்று சொல்லிவிட்டான். சாமியாத்தாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "வாயைக் கழுவுங்க. உசுரோட இருக்கற புருசனுக்கு நானு ஒப்பாரி வெக்கறதா?" என்றாள். அன்றைக்கெல்லாம் அவனோடு பேசவில்லை.

இன்னொரு கட்டு, எழுப்புப் பாட்டைச் சும்மா பாடக் கூடாது என்பது. களத்தில் ஒருவன் விழுந்து கிடந்தால்தான் பாடலாம். ஒத்திகையில்கூட, ஒப்பாரி முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். கூப்பிட்டால் எழுந்து வர ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் கூப்பிட்டால் வேறு யாராவது எழுந்து வந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். சாமியாத்தாள் அதைத் தன் மாமியாரிடமிருந்து கேட்டாள், கேட்ட நாளிலிருந்து நம்பினாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு மூன்றாவது. ஒப்பாரியை யாரும் பாடலாம். எழுப்புவது கட்டுக்கழுத்தியாகத்தான் இருக்க வேண்டும். தாலி இழந்தவள் கூப்பிட்டு ஒருவன் எழுந்தால் அந்த எழுச்சி நிலைக்காது என்பார்கள்.

தொண்ணூற்று இரண்டில், பீளமேட்டில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியை சாஜிதா பேகம் ஊருக்கு வந்தார். தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். கோயமுத்தூர்க்காரரே. கல்லூரியில் இந்திய நாடக வடிவங்களைப் பற்றி ஒரு விழா, வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், நீங்களும் வர வேண்டும் என்று கூப்பிட்டார். விடிய விடிய ஆடுகிற கூத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. சண்டையையெல்லாம் எடுத்துவிட்டு, சாவையும் எழுப்புவதையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வழக்கமாக விழுந்து படுக்கிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், அதே ஊர்ப் பாப்பாயியின் மகன் அருண்குமார் முதல்முறையாகப் பட்டிக்காரன் வேஷம் கட்டினான். அப்போது அவன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான்.

அங்கே கேரளத்துக் கோயில்களில் ஆடுகிறவர்கள் மணிக்கணக்காக முகத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்கள். கன்னட தேசத்து யட்சகானக்காரர்கள் தலையில் கோபுரம் மாதிரிக் கிரீடம் வைத்துக்கொண்டு கேன்டீனில் டீ குடித்தார்கள். வங்காளத்து ஜாத்ராவில் நான்கு பக்கமும் சனங்களை உட்கார வைத்து நடுவில் நடிப்பார்கள் என்று கேட்டதும் தம்பிதுரைக்குச் சந்தோஷம். "நம்மளாட்டத்தான்" என்று சாமியாத்தாளிடம் சொன்னான். சாஜிதா பேகம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பழைய வடமொழி நாடகத்துல ஒருத்தர் சாகறதை மேடையில காட்டக் கூடாதுன்னு இலக்கணமே உண்டுங்க" என்றார் அவர். "யாராவது வந்து செத்துட்டாங்கன்னு சேதி சொல்லுவாங்க, அவ்வளவுதான். நீங்க என்னடான்னா நட்ட நடுக் களத்துல போட்டுப்போடறீங்க."

"போட்டா என்னங்கம்மா? நாங்களேதான் எழுப்பியும் உட்டுப்போடறமில்லீங்க" என்றான் தம்பிதுரை. "போட்டது போட்டபடி உட்டுட்டு ஊட்டுக்குப் போனாத்தான் பாவம்."

அவர் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுக்குத்தான் பயந்திருக்கீங்க. அவங்க காட்டாம உட்டாங்க, நீங்க எழுப்பி அனுப்பறீங்க. இதை நாளைக்கு வகுப்புல சொல்லோணும்."

சாமியாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளை அவர் "பாடகி" என்று எல்லாருக்கும் சொல்லி அறிமுகப்படுத்தினார். அந்த வார்த்தை அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அன்று அவர்கள் ஆடியதை ஒரு மாணவர் கேசட்டில் பதிவு செய்தார். அதில் ஒரு பிரதியைச் சாஜிதா பேகம் கோயில் கமிட்டிக்கு அனுப்பிவைத்தார். தர்மகர்த்தா சென்னியப்பன் அதைச் சாமி நகைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். யாரும் போட்டுக் கேட்கவில்லை. படுத்த ஆள் இல்லாமல் எப்படிக் கேட்பது?

தம்பிதுரையின் நெஞ்சில் பஞ்சுத் தூசி ஏற்கெனவே குடியேறியிருந்தது. வருடத்துக்கு வருடம் இருமல் நீண்டது. உடுக்கையை இழுத்து அடிக்கும்போது அவன் கழுத்து நரம்புகள் புடைப்பதைச் சாமியாத்தாள் ஓரக்கண்ணால் பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பாட்டைச் சீக்கிரம் முடிப்பாள். பெரிய ஆஸ்பத்திரி, சித்த வைத்தியம் என்று எதையும் விடவில்லை. தொண்ணூற்று ஐந்து ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மத்தியானம், அவன் போய்ச் சேர்ந்தான்.

எழவுக்கு வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவளைப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் அழுதவள் புருஷனுக்கு எப்படி அழப்போகிறாள் என்று. அவள் அழவில்லை. ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தால் கடைசியில் எழுப்புப் பாட்டு வந்துவிடும். இத்தனை வருடமும் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் மற்றது வந்திருக்கிறது. தன் வாய் தன்னை அறியாமல் கூப்பிட்டுவிடும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கல்லு மாதிரி இருக்கறா பாரு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் சென்னியப்பன் வீட்டு வாசல்வரை போனாள். அந்தக் கேசட்டைப் போட்டு உடுக்கைச் சத்தத்தை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு யோசனை வந்தது. அதில் எழுப்புப் பாட்டு இருக்கிறது. படுத்திருப்பவர் களத்தில் கிடக்கிறாரா, மண்ணுக்குள் கிடக்கிறாரா என்று பாட்டுக்குத் தெரியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

தை கடைசியில் சென்னியப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே பாப்பாயியும் வந்திருந்தாள். அருண்குமார்தான் இப்போது நிலையாகப் பட்டிக்காரன் வேஷம் கட்டுகிறவன். பாப்பாயியின் மூத்த மகன் லாரிக்குப் போனவன், மூன்று வருடம் முன்னால் ரோட்டிலேயே போய்விட்டான். மிச்சம் இருப்பது இவன் ஒருவன்.

"அம்மணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே" என்று சென்னியப்பன் ஆரம்பித்தார்.

பாப்பாயி சொன்னாள். "அவரு சுத்தி வளைப்பாரு. நானு நேராச் சொல்லிப்போடறேன். நீ ஒப்பாரி பாடு, வேண்டாங்கல. ஆனா எம் பையனை நீ எழுப்ப வேண்டாம் கண்ணு. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

"நீங்க சொல்றது செரிதானுங்க அக்கா" என்றாள் சாமியாத்தாள்.

பாப்பாயி சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். இந்தப் பதிலைக் கேட்டதும் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

சாமியாத்தாள் வாய்க்காகச் சொல்லவில்லை. அவளுக்கும் அதே பயம்தான். தாலி இறங்கிய நாளிலிருந்து தன் குரலில் ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று நினைத்தாள். அது போய் ஒரு பையன்மேல் படக் கூடாது. ஆனால் எழுப்பாமல் வெறுமனே அழுதுவிட்டு எழுந்து வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு மாசியிலும் விழுந்தவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியவள். அது ஒன்றுதான் அவளுடையது என்று அவளுக்கு இருந்தது. இந்த வருடம் அது போனால் போனதுதான்.

"வேற ஆருக்குங்க பாட்டுத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஆருக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்சவளுகளும் மைக்கைக் கண்டா ஓடறாளுக" என்றார் சென்னியப்பன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்கு ஒரு யோசனை பண்ணியிருக்கறோம். உன்ற கொரலு எங்கட்ட இருக்குது. கேசட்டுல."

சாமியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ தம்பிதுரை இருந்தாப்ல. நீ பூவும் பொட்டுமா இருந்தே. கேசட்டுக்குள்ள இருக்கறது கட்டுக்கழுத்தி கொரலு அம்மணி. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல. அதைப் போட்டு எழுப்புனா என்ன தப்பு?"

பாப்பாயிக்கு அது நியாயமாகப் பட்டது. "அது செரி" என்றாள்.

"அதுல உடுக்கையும் கேக்குமுங்களா?" என்று சாமியாத்தாள் கேட்டாள்.

"கேக்காம?"

"அப்பச் செரிங்க."

படுத்த ஆள் இருக்கும்போது போடுகிறார்கள். அப்படியென்றால் அவளும் பயமில்லாமல் கேட்கலாம். அன்றிலிருந்து நோம்பி நாள்வரை அவள் அதற்காகவே காத்திருந்தாள்.

ரேடியோ செட்டு போடுகிறவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டு அமீர் ஹம்சா. எத்தனையோ வருடமாக அந்த நோம்பிக்கு அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறார். கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் "ஒப்பாரி", மறுபக்கத்தில் "எழுப்புப் பாட்டு" என்று அந்த மாணவர் அழகாக எழுதியிருந்தார்.

"ஒருக்காப் போட்டுப் பாத்துக்கறனுங்க. நாடா சிக்குதா என்னன்னு தெரியோணுமில்ல" என்றார்.

"படுத்த ஆளில்லாமப் போடக் கூடாது பாய்" என்றார் சென்னியப்பன்.

"அப்ப நான் செத்த நேரம் படுத்துக்கட்டுங்களா?"

"உன்னைய எழுப்புனா பிரியாணி கேப்பே. நம்ம சாமிக்குக் கட்டுப்படி ஆகாது."

எல்லாரும் சிரித்தார்கள். அமீர் ஹம்சாவும் சிரித்துவிட்டு, வேறொரு கேசட்டைப் போட்டுச் சத்தத்தை மட்டும் சரிபார்த்தார். எழுப்புப் பாட்டுக் கேசட்டை மடித்த துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கிழக்கே வெளுக்கும் நேரத்தில் அருண்குமார் விழுந்தான். நன்றாக விழுவான். கம்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மாசிப் பனி படர்ந்த மண்ணில் கண்ணை மூடிக் கிடந்தான். சேலை கட்டிய வேஷக்காரர் சொம்போடு ஓடி வந்தார். படுதாவுக்குப் பின்னால் சாமியாத்தாள் வாயைத் திறந்தாள்.

ஊரு மாட்டைக் காத்தவனே,
உனக்கு ஒரு கன்னு உண்டா?
ஊருக்கெல்லாம் பால் கறந்தே,
உன் வாய்க்கு ஒரு சொட்டு உண்டா?

ஐப்பசியில் அவள் கடித்து வைத்திருந்த அழுகை எல்லாம் அதில் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த உடுக்கைக்காரர் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து தன்னால் முடிந்தவரை கூடவே அடித்தார். இடப்பக்கம் யாரும் உட்காரவில்லை. களத்தில் விசும்பல்கள் கேட்டன. இவள் புருஷனுக்கு அழவில்லை என்று சொன்னவர்களும் அழுதார்கள். ஒப்பாரி முடிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அமீர் ஹம்சா பொத்தானை அழுத்தினார்.

முதலில் உடுக்கை. சாமியாத்தாள் கண்களை மூடிக்கொண்டாள். அது தம்பிதுரையேதான். அந்த இழுப்பு வேறு யாருக்கும் வராது. அதன்மேல் அவளுடைய குரல், நான்கு வருடம் இளைய குரல், எதற்கும் பயப்படாத குரல்.

பட்டி தொறந்து கெடக்குது, எந்திரி.
பால்மாடு கத்துது, எந்திரி.
பனி விழுந்த மண்ணுல
படுத்தது போதும், எந்திரி.

"பட்டிக்காரா, எந்திரி!" என்று முதல் கூப்பாடு. உடுக்கை சுழன்றது. இன்னும் சில அடிகள். "பட்டிக்காரா, எந்திரி!" இரண்டாவது. உடுக்கை வேகம் பிடித்தது, ஏறியது, சட்டென்று ஓர் அடி தவறியது. இருமல். குழாய்களின் வழியாக ஊர் முழுவதும் அந்த இருமல் கேட்டது. பிறகு மைக்குக்கு மிக அருகில், தாழ்ந்த குரலில், "தண்ணி குடு, சாமி."

சாமியாத்தாளின் கை பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து இடப்பக்கம் நீட்டியது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தபோது சொம்பு காற்றில் நின்றிருந்தது.

'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

பீளமேட்டில் அன்று நடந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருமல் வந்து அவன் தண்ணீர் கேட்டான், குடித்தான், உடனே விட்ட இடத்திலிருந்து அடித்தான், அருண்குமார் எழுந்தான், கைதட்டினார்கள். உடுக்கை நின்றதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த மாணவர் ரெக்கார்டரை அணைத்திருக்க வேண்டும். அங்கே ஆள் எழுந்துவிட்டதால் யாருக்கும் குறை தெரியவில்லை.

"போடு பாய், போடு!" என்று சென்னியப்பன் ஓடி வந்தார்.

"நாடா இவ்வளவுதானுங்க."

"திருப்பி முதல்ல இருந்து போடு."

"எத்தனை தடவ போட்டாலும் ரெண்டு கூப்பாடுதானுங்க இருக்குது" என்றார் அமீர் ஹம்சா.

களத்தில் அருண்குமார் கிடந்தான். மூன்றாவது கூப்பாடு வராமல் அவனால் எழ முடியாது. எழுந்தால் அது எழுந்ததாகாது. வேஷக்காரர் சொம்போடு நின்றார். கூட்டத்திலிருந்து பாப்பாயி, "ஐயோ, அரு..." என்று கத்தப் போனாள். பக்கத்திலிருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள். விழுந்து கிடப்பவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், செத்தது பட்டிக்காரன் இல்லை, இவன் என்று ஆகிவிடும். "ஆராச்சும் கட்டுக்கழுத்தி வந்து கூப்பிடுங்க!" என்று சென்னியப்பன் பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தினார். பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தப்பாகக் கூப்பிட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

படுதாவின் ஓரம் விலகியது. பாப்பாயி நின்றாள். அவள் கை களத்தின் பக்கம் நீண்டது.

"கூப்பிடட்டுங்களா, அக்கா?" என்று சாமியாத்தாள் கேட்டாள்.

பாப்பாயி அவளைப் பார்த்தாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள், வெறும் கழுத்தைப் பார்த்தாள். "கூப்பிடு" என்றாள்.

சாமியாத்தாள் கையிலிருந்த சொம்பில் ஒரு வாய் குடித்தாள். உடுக்கை ஒலிக்கவில்லை. தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேசட்டில் இளைய குரல் விட்டிருந்த உயரத்திலிருந்தே எடுத்தாள்.

"பட்டிக்காரா, எந்திரி!"

வேஷக்காரர் தண்ணீரைத் தெளித்தார். அருண்குமார் எழுந்து உட்கார்ந்தான். ஊர் குலவை போட்டது.

வெயில் ஏறியதும் கோயில் வாசலில் பேச்சு ஆரம்பித்தது. "தாலியறுத்தவ கூப்பிட்டு எந்திரிச்சிருக்கறான். இது நல்லதுக்கா கெட்டதுக்கா, தெரியல" என்றார் ஒருவர். சாமியிடம் பூப் போட்டு வாக்குக் கேட்டுவிடலாம், தேவைப்பட்டால் பரிகாரம் செய்துவிடலாம் என்றார் சென்னியப்பன். சாமியாத்தாள் ஒதுங்கி, வேப்பமரத்தடியில் நின்றாள்.

பாப்பாயி நடுவில் வந்தாள். "என்ன வாக்குக் கேக்கறது? எந்திரிச்சவனைத் திருப்பிப் படுக்கப் போட்டு, ஆம்பளைக நீங்க எல்லாருஞ் சேர்ந்து கூப்பிடறீங்களா? கூப்பிடறதுன்னா இப்பவே கூப்பிடுங்க, நானும் பாக்கறேன்."

பேச்சை ஆரம்பித்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார்.

"அவ எங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் கூப்பிட்டா. நாந்தான் கூப்பிடச் சொன்னேன். பெத்தவ நான். எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க."

அருண்குமார் அரிதாரத்தைத் துடைத்தபடி, "அம்மா, பசிக்குது" என்றான். அதோடு பேச்சு முடிந்தது. ஆனாலும் ஒரு வருடம் அவன் தும்மினாலும் ஊர் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த மாசியில் லீவு போட்டுவிட்டு வந்து மறுபடியும் விழுந்தான்.

அன்றைக்கு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த அமீர் ஹம்சாவிடம் சாமியாத்தாள் போனாள்.

"அடுத்த வருசமும் அதையே போடோணுமுங்க" என்றாள். "அவரு நிறுத்தற எடம் வரைக்கும். அதுக்கப்பறம் நான் பாடிக்கறேன்."

சென்னியப்பன் பக்கத்தில் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது வருடத்தில் அவள் கமிட்டியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அமீர் ஹம்சா கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "செஞ்சுபோடலாமுங்க. அந்த இருமலும், தண்ணி கேக்கறதும் வருதில்லீங்க, டவுனுல ஒரு பையன் இருக்கறான், குடுத்தா சுத்தமா எடுத்துப்போடுவான். கூத்துக்குப் பொருந்தாம இருக்குதுன்னு..."

"வேண்டாமுங்க" என்றாள் சாமியாத்தாள். "அது இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. தொண்ணூற்று ஒன்பது தையில், நோம்பிக்குச் சில வாரங்கள் முன்னால் அவள் இறந்துபோகும்வரை, ஒவ்வொரு வருடமும் இரண்டு கூப்பாடு கேசட்டிலிருந்து வந்தது, மூன்றாவது அவளிடமிருந்து. நடுவில் அந்தக் குரல் தண்ணீர் கேட்கும்போது களத்தில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. சேலை கட்டிய வேஷக்காரர் அந்த நேரத்தில் சும்மா நிற்பது நன்றாக இல்லை என்று தன் சொம்பைப் படுதாவின் பக்கம் சாய்த்துக் கொஞ்சம் ஊற்ற ஆரம்பித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குப் பிறகும், அந்தக் குரல் தண்ணீர் கேட்கும் இடத்தில் அங்கே அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.